விசை வேறு, எழுத்து வேறு: ஒரு குட்டிக் கம்பைலருக்கு விசைப்பலகை சேர்த்த கதை

தமிழ்99 பலகையில் ‘கொ’ என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். முதலில் க. அப்புறம் ஒ. இரண்டு தட்டு, திரையில் ஒரே எழுத்து. ஒ விசையை அழுத்தியபோது ஒ வரவில்லை, முன்னால் இருந்த க போய் அதன் இடத்தில் கொ உட்கார்ந்துகொண்டது. தமிழில் எழுத்துகள் 247. அத்தனைக்கும் தனித்தனி விசை வைத்த பலகை எங்கும் கிடையாது. 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஆய்தத்துக்கும் விசை கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அவற்றைக் கூட்டி எழுதிக்கொள்கிறோம். விசை வேறு, எழுத்து வேறு என்பது தமிழில் தட்டுகிறவர்களின் விரலுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

ஒரு கம்பைலருக்கு விசைப்பலகை ஆதரவு சேர்க்கும்போது பலரும் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். நானும் அங்கேதான் விழுந்தேன்.

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. ஆனாலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து தமிழில் நாலு வரி தட்ட வேண்டிய தேவை வாரத்தில் ஒரு முறைகூட வருவதில்லை. அந்தத் தேவையை உண்டாக்கத்தான் தமிழ்ச் சொற்களால் ஆன ஒரு சின்ன நிரல்மொழியும் அதற்கு ஒரு கம்பைலரும் எழுத ஆரம்பித்தேன். படம் வரையும், எண்களைக் கூட்டும், சுற்றும். ஆனால் ஓட ஆரம்பித்த நிரலிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பிள்ளைகள் முதல் வாரமே கேட்டுவிட்டார்கள்: “சார், இதை வைத்து விளையாட்டு செய்ய முடியாதா?”

கம்பைலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் எழுதும் நிரலைப் படித்து, ஒரு கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றிக் கொடுக்கும் நிரல்தான் கம்பைலர். அந்தக் கணினி மேசைமேல் இருக்கும் நிஜக் கணினியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாத ஒரு கணினியைக் கற்பனை செய்து, அதற்கு இத்தனை நினைவகம், இத்தனை கட்டளைகள் என்று விதி எழுதி, அந்த விதிப்படி நடக்கும் ஒரு நிரலை நிஜக் கணினியில் ஓடவிட்டால் அது மெய்நிகர் இயந்திரம். நிஜச் செயலியில் கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கற்பனை இயந்திரத்தில் முப்பது, நாற்பது போதும். கம்பைலர் எழுதப் பழகுகிறவர்கள் இங்கேயிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து.

நான் எடுத்துக்கொண்டது சிப்-8 என்ற கற்பனை இயந்திரம். 1970-களின் நடுவில் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜோசஃப் வைஸ்பெக்கர் உருவாக்கியது. 1977-ல் வந்த காஸ்மாக் விஐபி என்ற சிறு கணினியில் ஓடியது. அந்தக் கணினியில் சிப்-8 கட்டளைகளைப் படித்து நடத்திய நிரல் மொத்தமே 512 பைட்டுதான். நினைவகத்தின் முதல் 512 பைட்டில் அது இருந்ததால், நாம் எழுதும் நிரல் 512-ஆம் முகவரியில், ஹெக்ஸ் கணக்கில், அதாவது பதினாறு பதினாறாக எண்ணும் முறையில், 200-ல் தொடங்கும். முகவரி 12 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 12 இலக்கங்கள், ஆகவே 4096 பைட்டுக்கு மேல் போக முடியாது. 8 பிட் ரிஜிஸ்டர்கள் 16. ரிஜிஸ்டர் என்பது கையில் வைத்துக்கொள்ளும் எண்ணுக்கான சின்ன டப்பா. திரை 64 புள்ளி அகலம், 32 புள்ளி உயரம். ஒவ்வொரு கட்டளையும் 2 பைட்.

விசைப்பலகை? எழுத்து ஒன்றுகூட இல்லாத 16 பொத்தான்கள்:

1 2 3 சி
4 5 6 டி
7 8 9 ஈ
ஏ 0 பி எஃப்

பார்க்க எழுத்துகள் போலத் தெரியும் ஏ முதல் எஃப் வரை உள்ளவை ஹெக்ஸ் இலக்கங்கள், அதாவது 10 முதல் 15 வரையிலான எண்கள். ஆக இந்த இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் 0 முதல் 15 வரை எண் போட்ட 16 இடங்கள் மட்டுமே. இந்த எளிமைக்காகவே இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். விசை என்றால் என்ன என்பதை அது எழுத்தோடு சேர்த்துக் குழப்புவதே இல்லை.

இரண்டு கேள்விகள்

விசைப்பலகையிடம் ஒரு நிரல் கேட்கக்கூடியது அடிப்படையில் இரண்டே கேள்விதான். “இந்த விசை இப்போது அழுத்தப்பட்டிருக்கிறதா?” என்பது ஒன்று. “அடுத்து எந்த விசையை அழுத்துகிறார்கள், வரட்டும், காத்திருக்கிறேன்” என்பது இன்னொன்று.

கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இவை வேறு வேறு. முதலாவதற்கு உடனே பதில் வந்துவிடும், ஆமாம் அல்லது இல்லை. நிரல் நிற்காது. பந்து மேலேயிருந்து விழுந்துகொண்டே இருக்க, கீழே மட்டையை இடமும் வலமும் நகர்த்தும் விளையாட்டுக்கு இதுதான் வேண்டும். இரண்டாவதில் நிரல் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். “தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்” என்ற அறிவிப்புக்கு இது சரி. பந்து விளையாட்டில் இதைப் போட்டால், யாராவது விசையை அழுத்தும் வரை பந்து நடு வானத்தில் நிற்கும்.

சிப்-8-ல் இரண்டுக்கும் கட்டளை இருக்கிறது. முதல் கேள்விக்கு இரண்டு: ஈ-எக்ஸ்-9-ஈ, ஈ-எக்ஸ்-ஏ-1. எக்ஸ் என்ற இடத்தில் ஒரு ரிஜிஸ்டரின் எண் வரும். அந்த ரிஜிஸ்டரில் எந்த விசையின் எண் இருக்கிறதோ அந்த விசை அழுத்தப்பட்டிருந்தால், அடுத்த கட்டளையைத் தாண்டிப் போ என்கிறது முதலாவது. அழுத்தப்படவில்லை என்றால் தாண்டு என்கிறது இரண்டாவது. காத்திருப்பதற்கு எஃப்-எக்ஸ்-0-ஏ. விசை வந்ததும் அதன் எண்ணை எக்ஸ் ரிஜிஸ்டரில் போட்டுவிட்டு மேலே போகும்.

உங்கள் இயந்திரத்தை நீங்களே வடிவமைக்கிறீர்கள், ஒரே ஒரு கட்டளைக்குத்தான் இடம் என்றால் முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். “அழுத்தியிருக்கிறதா?” என்று 16 விசையையும் மாறி மாறிக் கேட்கும் ஒரு சுற்றை எழுதினால் காத்திருத்தல் தானாக வந்துவிடும். காத்திருத்தலை வைத்து “அழுத்தியிருக்கிறதா?”வை உண்டாக்க வழியே இல்லை.

மொழியில் எப்படிச் சொல்வது

இந்த வேறுபாடு நிரல்மொழியிலேயே கண்ணில் படவேண்டும் என்று நினைத்தேன். இரண்டையும் ‘விசை’ என்ற ஒரே பெயரில் வைத்துவிட்டு, எது நிற்கும் எது நிற்காது என்பதைக் கையேட்டில் எழுதிவைத்தால் பிள்ளைகள் படிக்கப்போவதில்லை. தமிழே கைகொடுத்தது:

மட்டை = 16
சுற்று
 விசை 4 அழுத்தியிருந்தால்
  மட்டை = மட்டை - 1
 முடி
 விசை 6 அழுத்தியிருந்தால்
  மட்டை = மட்டை + 1
 முடி
மீண்டும்

காத்திருக்க வேண்டும் என்றால்:

எண் = விசை வரட்டும்

‘வரட்டும்’ என்று படித்ததுமே காத்திருக்கப்போகிறோம் என்று தெரிகிறது. ‘அழுத்தியிருந்தால்’ என்றால் இப்போதைய நிலையைக் கேட்கிறோம் என்று தெரிகிறது. ‘அழுத்தினால்’ என்று முதலில் வைத்திருந்தேன். அது இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு மாணவி, “அழுத்தினால் என்றால் இனிமேல் அழுத்தினாலா சார்?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

வினைச்சொல் கடைசியில் வருவதால் பார்சருக்கு ஒரு சின்ன வேலை கூடுகிறது. பார்சர் என்பது சொற்களை வரிசையாகப் படித்து, இது எந்த வகை வாக்கியம் என்று கண்டுபிடிக்கும் பகுதி. ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளில் ‘இஃப்’ என்று முதல் சொல்லைப் பார்த்ததுமே நிபந்தனை என்று தெரிந்துவிடும். இங்கே ‘விசை’ என்ற சொல்லைப் பார்த்ததும், “விசைபற்றி ஏதோ வரப்போகிறது” என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த சொல் ‘வரட்டும்’ என்றால் அது ஒரு மதிப்பு, வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு எண்ணோ மாறியின் (மாறக்கூடிய மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்) பெயரோ இருக்கும், அதைப் படித்துவிட்டு, பிறகு ‘அழுத்தியிருந்தால்’ இருக்கிறதா ‘விட்டிருந்தால்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொல் முன்னால் எட்டிப் பார்த்தால் போதும், அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய படியில் ஒரு பள்ளம் உண்டு. தமிழில் கம்பைலர் எழுதும் எல்லாரும் அதைத் தாண்டியாக வேண்டும். ‘விசை’ என்ற சொல் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் அது நான்கு குறியீடு: வ, இகரக் குறி, ச, ஐகாரக் குறி. சொற்களைப் பிரிக்கும்போது “இது எழுத்தா?” என்று பைத்தான் என்ற நிரல்மொழியின் இஸ்ஆல்ஃபா செயற்கூறைக் கேட்டால், வ-வுக்கு ஆமாம் என்னும், இகரக் குறிக்கு இல்லை என்னும். ஏனென்றால் யூனிகோடு கணக்கில் அது எழுத்து இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறி. ‘விசை’ நான்காக உடைந்து, “தெரியாத சொல்: வ” என்று பிழை வரும். புள்ளிக்கும் இதே கதி. தமிழ் எழுத்துகளுக்கான பகுதி, ஹெக்ஸில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, அதற்குள் எது வந்தாலும் சொல்லின் பகுதிதான் என்று நீங்களே ஒரு விதி எழுதிவிடுங்கள். தமிழ் எண் குறிகளும் அதற்குள் வரும். அவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ள ஆசையிருந்தால் தனியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ‘கொடு’ என்ற சொல்லில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு தனிக் குறியீடாகவும் வரலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் சமமில்லை. கோப்பைப் படித்ததும் என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்குபடுத்தலை ஒரு முறை ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

எண்களாக மாறும் இடம்

இப்போது மேலே உள்ள நிரலின் முதல் பாதி என்ன ஆகிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். ‘மட்டை’ என்ற மாறிக்கு 0-ஆம் ரிஜிஸ்டரைக் கொடுத்திருக்கிறது கம்பைலர். தற்காலிக வேலைக்கு 1-ஆம் ரிஜிஸ்டர். முகவரிகள் ஹெக்ஸில்:

200: 6010 — ரிஜிஸ்டர் 0-ல் 16-ஐ வை
202: 6104 — ரிஜிஸ்டர் 1-ல் 4-ஐ வை
204: ஈ19ஈ — ரிஜிஸ்டர் 1 சொல்லும் விசை அழுத்தப்பட்டிருந்தால் அடுத்ததைத் தாண்டு
206: 120ஏ — 20ஏ என்ற முகவரிக்குப் போ
208: 70எஃப்எஃப் — ரிஜிஸ்டர் 0-டன் 255-ஐக் கூட்டு
20ஏ: இங்கேயிருந்து விசை 6-க்கான பகுதி

முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு 204-ம் 206-ம் தலைகீழாகத் தோன்றும். “அழுத்தியிருந்தால் இதைச் செய்” என்று எழுதினோம். இயந்திரத்துக்குத் தெரிந்ததோ “அழுத்தியிருந்தால் ஒன்றைத் தாண்டு” மட்டும்தான். தாண்டுவது ஒரே ஒரு கட்டளையைத்தான், நம் ‘முடி’ வரை பத்துக் கட்டளை இருக்கலாம். அதனால் தாண்டப்படும் அந்த ஒரு இடத்தில் “வெளியே போ” என்ற தாவலை வைக்கிறோம். அழுத்தியிருந்தால் தாவலையே தாண்டி உள்ளே போகிறோம், அழுத்தவில்லையென்றால் தாவலில் மாட்டி வெளியே போகிறோம். வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. அடையாள அட்டை இருந்தால் அவரைக் கடந்து உள்ளே போகலாம், இல்லாவிட்டால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். ‘விட்டிருந்தால்’ என்று எழுதியிருந்தால் 204-ல் ஈ1ஏ1 வரும், மற்றது எதுவும் மாறாது.

206-ல் நிற்கும்போது ‘முடி’ எந்த முகவரியில் வரும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ஆகவே அங்கே வெறும் 1000 என்று எழுதி, 206 என்ற முகவரியை ஒரு அடுக்கின்மேல் வைத்துவிட்டு மேலே போகிறது. ‘முடி’ வந்ததும் அடுக்கின் உச்சியிலிருந்து 206-ஐ எடுத்து, அங்கே இப்போதைய முகவரியான 20ஏ-வை நிரப்புகிறது. உங்கள் கம்பைலரில் ஏற்கெனவே நிபந்தனை வாக்கியம் இருந்தால் இந்த வேலை எல்லாம் அங்கேயே இருக்கும். அதை அப்படியே அழைத்துக்கொள்ளலாம்.

208-ல் ஒன்றைக் கழிக்கச் சொன்னால் 255-ஐக் கூட்டுகிறது. சிப்-8-ல் ஒரு எண்ணை நேராகக் கழிக்கும் கட்டளை கிடையாது. 8 பிட் ரிஜிஸ்டர் 255-க்கு மேல் போனால் சுற்றி 0-க்கு வந்துவிடும். 16-டன் 255 சேர்த்தால் 271, அதில் 256 போக 15. கடிகாரத்தில் 11 மணி நேரம் முன்னால் தள்ளினால் ஒரு மணி நேரம் பின்னால் போன மாதிரிதான் முள் நிற்கும், அந்தக் கணக்கு.

‘எண் = விசை வரட்டும்’ இதைவிட எளிது. ‘எண்’ 2-ஆம் ரிஜிஸ்டரில் இருந்தால் எஃப்20ஏ என்ற ஒரே கட்டளை. யாராவது ‘விசை 20 அழுத்தியிருந்தால்’ என்று எழுதினால் கம்பைலர் அங்கேயே நிறுத்தி, “விசை எண் 0 முதல் 15 வரைதான்” என்று தமிழில் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால் பிழை ஓடும்போதுதான் தெரியும், அதுவும் ஒவ்வொரு இயந்திரத்தில் ஒவ்வொரு மாதிரி.

கம்பைலரின் பங்கு இவ்வளவுதான். எனக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. அடுத்த பகுதிக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இயந்திரத்தின் உள்ளே

மெய்நிகர் இயந்திரத்தில் 16 கட்டங்கள் உள்ள ஒரு அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். விசை கீழே போனதும் இயங்குதளம் ஒரு செய்தி அனுப்பும், அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். விசை மேலே வந்ததும் இன்னொரு செய்தி வரும், ‘இல்லை’ என்று மாற்றுங்கள். ஈ-எக்ஸ்-9-ஈ கட்டளை வந்தால் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும். விசையை அழுத்திப் பிடித்திருந்தால் இயங்குதளம் ‘கீழே, கீழே, கீழே’ என்று திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பும். அட்டவணையில் ஏற்கெனவே ‘ஆம்’ இருப்பதால் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

கெடுதல் வருவது எஃப்-எக்ஸ்-0-ஏ-வில். காத்திருக்க வேண்டும் என்றதும் முதலில் தோன்றுவது, விசை வரும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சுற்றை எழுதுவது. நான் அதைத்தான் எழுதினேன். சாளரம் உறைந்துபோனது. இயந்திரம் அந்தச் சுற்றை விட்டு வெளியே வந்தால்தானே இயங்குதளத்தின் செய்தியைப் படிக்க முடியும்? விசைக்காகக் காத்திருக்கிறோம், விசை வந்த செய்தியைப் படிக்கிற வேலையையும் நிறுத்திவிட்டோம். அதோடு, நேரத்தைக் கணக்கிடும் சிப்-8-ன் இரண்டு டைமர்களும் விநாடிக்கு 60 முறை குறைந்துகொண்டே வர வேண்டும், அதுவும் நின்றது.

சரியான வழி நிற்காமல் காத்திருப்பது. எஃப்-எக்ஸ்-0-ஏ வந்து, விசை எதுவும் வரவில்லை என்றால், அடுத்த கட்டளைக்கு நகராமல் விட்டுவிடுங்கள். நிரல் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணை 2 குறைத்தால் போதும். அடுத்த முறையும் இதே கட்டளைதான் வரும், அப்போதும் விசை இல்லையென்றால் மறுபடியும். இடையில் டைமர் ஓடும், திரை வரையப்படும், செய்திகள் படிக்கப்படும். நிரலுக்குத் தான் நிற்பதாகத் தோன்றும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அடுத்த சிக்கல். மூன்று எண்களை வரிசையாகக் கேட்கும் நிரல் ஒன்றை ஒரு பையன் எழுதினான். 5-ஐ ஒரு முறை தட்டினான், 5 5 5 என்று மூன்றும் நிரம்பிவிட்டன. ஒரு தட்டு பத்தில் ஒரு பங்கு விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் இயந்திரம் விநாடிக்கு 600 கட்டளை ஓடுகிறது. விரல் மேலே வருவதற்குள் 60 கட்டளை முடிந்துவிடும். மூன்று ‘விசை வரட்டும்’ அதற்குள் அடங்காதா என்ன? 1977-ன் காஸ்மாக் விஐபியில் இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. அங்கே எஃப்-எக்ஸ்-0-ஏ, விசையை அழுத்தி விடும்வரை காத்திருக்கும். விரல் எடுத்த பிறகுதான் நிரல் மேலே போகும். நானும் அப்படியே மாற்றினேன். முதல் முறை அழுத்தம் தெரிந்ததும் எந்த விசை என்று குறித்துக்கொள்ள வேண்டும், அந்த விசையின் கட்டம் ‘இல்லை’ ஆனதும்தான் ரிஜிஸ்டரில் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. வேகமான விரல் விசையைத் தட்டி எடுப்பது, திரையின் ஒரு சட்டத்துக்குள், அதாவது விநாடியில் 60-ல் ஒரு பங்குக்குள், முடிந்துபோகலாம். செய்திகளைச் சட்டத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் படிக்கும் இயந்திரத்தில் ‘ஆம்’ எழுதிய கையோடு ‘இல்லை’யும் எழுதிவிடும், நிரல் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் “அழுத்தினேன் சார், எடுக்கவில்லை” என்பார்கள், அவர்கள் சொல்வது உண்மை. ‘இல்லை’ என்ற செய்தியை ஒரு சட்டம் தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

சாளரம் மாறும் நேரத்தையும் கவனியுங்கள். ஒரு பெண் 4-ஐ அழுத்தியபடியே வேறு சாளரத்துக்குப் போனாள். விரல் எடுத்த செய்தி அந்தச் சாளரத்துக்குப் போய்விட்டது, நமக்கு வரவில்லை. திரும்பி வந்தால் மட்டை தானாக இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சாளரம் கவனத்தை இழந்ததாகச் செய்தி வரும்போது 16 கட்டத்தையும் ‘இல்லை’ என்று அழித்துவிடுங்கள்.

பதினாறு இடங்கள்

இனி மீதமிருப்பது நம் மடிக்கணினியின் எந்த விசை சிப்-8-ன் எந்த எண் என்பது. வழக்கமாக இடது ஓரத்தில் நாலுக்கு நாலாக ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வார்கள். மேல் வரிசையில் 1 2 3 4, அடுத்தது க்யூ டபிள்யூ ஈ ஆர், அடுத்தது ஏ எஸ் டி எஃப், கடைசியில் இசட் எக்ஸ் சி வி. இதில் சிப்-8-ன் 4 க்யூ-வில் விழும், 6 ஆங்கில ஈ-யில். நான் “க்யூ என்ற எழுத்து வந்தால் 4” என்று எழுதிவைத்தேன். எனக்கு ஓடியது. வகுப்பில் ஓடவில்லை.

காரணம் புரிய எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பிள்ளைகள் நிரலைத் தமிழில் தட்டுகிறார்கள், அதே கையோடு ஓடவிடுகிறார்கள். பலகை இன்னும் தமிழ்99-லேயே இருக்கிறது. அந்தப் பலகையில் க்யூ-வின் இடத்தில் இருப்பது ஆ. இயந்திரம் க்யூ-வுக்காகக் காத்திருக்கிறது, வருவதோ ஆ. “ஆ வந்தாலும் 4” என்று ஒரு வரி சேர்த்து ஒட்டுப்போட்டேன். அது தவறு என்று அப்போதே மனதில் பட்டது, ஆனால் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அந்தத் தைப்பூசத்துக்கு அக்கா குடும்பம் ரீயூனியனிலிருந்து வந்தது. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள தீவு, பிரான்சின் ஆளுகையில் இருப்பது. அக்கா மகள் தன் மடிக்கணினியில் விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். “மாமா, மேல் வரிசை எதுவுமே வேலை செய்யவில்லை. இடது பக்கம் போக விசை எங்கேயோ கீழே இருக்கிறது.”

எட்டிப் பார்த்தேன். பிரெஞ்சுப் பலகை, அசெர்ட்டி. நாம் க்யூ என்று நினைக்கும் இடத்தில் அங்கே ஏ இருக்கிறது, ஏ-யின் இடத்தில் க்யூ. டபிள்யூ-வும் இசட்டும் அதேபோல இடம் மாறியவை. மேல் வரிசையில் 1 வேண்டுமானால் ஷிஃப்ட் சேர்த்து அழுத்த வேண்டும், சும்மா தட்டினால் & குறிதான் வரும். அவளுடைய சதுரம் உடைந்து, மேல் வரிசை எடுக்காமல், நாலு பொத்தான்கள் இடம் மாறிக் கிடந்தன.

“எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கச் சொல்ல முடியாதா மாமா?” என்றாள்.

முடியும். ஒவ்வொரு விசைச் செய்தியிலும் இரண்டு விவரம் வருகிறது. எந்த எழுத்து பிறந்தது என்பது ஒன்று, எந்த இடத்தில் உள்ள பொத்தான் என்பது இன்னொன்று. உலாவியில் எழுதுகிறீர்கள் என்றால் முதலாவதன் பெயர் ‘கீ’, இரண்டாவதன் பெயர் ‘கோடு’. விளையாட்டு எழுதப் பயன்படும் எஸ்டிஎல் என்ற நிரல் நூலகத்தில் ‘கீகோடு’ எழுத்து, ‘ஸ்கேன்கோடு’ இடம். இடத்தின் பெயர்கள் அமெரிக்கப் பலகையைப் பார்த்து வைத்தவை. ஆகவே அசெர்ட்டியில் ஏ-யை அழுத்தினாலும், தமிழ்99-ல் ஆ-வை அழுத்தினாலும், ‘கோடு’ சொல்வது ஒரே பெயர், ‘கீக்யூ’. முதலில் பார்க்கக் குழப்பும். அந்தப் பெயரில் உள்ள க்யூ-வை எழுத்தாகப் படிக்காமல், வீட்டு எண் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எதைப் பயன்படுத்துவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளையாட்டுக்கும், விரல் இருக்கும் இடம் முக்கியமான எதற்கும், இடம். பெயர் கேட்டு வாங்குவதற்கும், ‘கொ’ வரவேண்டிய எதற்கும், எழுத்து. சிப்-8-ன் 16 பொத்தானும் இடங்கள்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேனே, அதை நானே என் இயந்திரத்தில் கடைப்பிடிக்கவில்லை. ‘ஆ வந்தாலும் 4’ உட்பட எழுத்து பார்க்கும் எல்லா வரிகளையும் அழித்துவிட்டு, 16 இடப் பெயர்களை அந்த இடத்தில் வைத்தேன்.

மாற்றியதைச் சரிபார்க்க நாலு வரி நிரல் ஒன்று போதும்:

சுற்று
 எண் = விசை வரட்டும்
 காட்டு எண்
மீண்டும்

இதை ஓடவிட்டு, சதுரத்தின் 16 பொத்தானையும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். 1 2 3 சி, 4 5 6 டி என்று திரையில் வரிசை பிசகாமல் வர வேண்டும். பிறகு பலகையைத் தமிழுக்கு மாற்றி ஒரு முறை, அசெர்ட்டிக்கு மாற்றி ஒரு முறை. கடைசியில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி அஞ்சு விநாடி காத்திருங்கள். விரல் எடுக்கும்வரை எண் வரக்கூடாது, எடுத்ததும் ஒரே ஒரு முறை வர வேண்டும்.

அக்கா மகள் மேசைமேல் தால் பூரித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, 16-ஐயும் அழுத்திப் பார்த்தாள். தமிழ்ப் பலகையில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை. அப்புறம் பந்து விளையாட்டைத் திறந்து, ‘விசை 4’ என்று இருந்த இடத்தில் ‘விசை இடது’ என்று தட்டினாள். கம்பைலர் “தெரியாத சொல்: இடது” என்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாறிகளின் பட்டியலில் நிரல் தொடங்கும் முன்பே இடது = 4, வலது = 6, மேல் = 2, கீழ் = 8 என்று நாலு மாறா எண்களைச் சேர்த்தேன், ஐந்து நிமிட வேலை. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் யாரும் 4 என்று எழுதவில்லை.